வலைஞர் வீட்டு பீர்

டிஸ்கி முதலிலேயே: குடி குடியைக் கெடுக்கும். இது குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை, குடித்தவர்களைப் பற்றிய பதிவு. அதுவும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி குடித்தவர்கள். கொஞ்சம் நீளம், ஆணி இல்லாத நேரமாப் பார்த்துப் படிங்க மக்கா.

கறம்பக்குடியிலிருந்து பெங்களூருக்குப் பொட்டி தட்ட வந்தவனுக்கு முதல் ஆச்சரியம், பீரைக் கடையிலேயே காய்ச்சுகிறார்கள் என்பதுதான். கிராஃப்ட் பீர், மைக்ரோபிரூவரி என்று ரெண்டு பேர் சொல்வார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய தாமிர அண்டா, அதிலிருந்து நேரா குழாய் வழியா உங்க மேசைக்கு. இந்தியாவில் இந்த அலை புனேயின் டூலாலியில் 2009-லும், இந்திரா நகர் டாயிட்டில் 2010-லும் சூடு பிடித்தது. ஆறு சின்ன கிளாஸில் ஆறு வகை வைப்பார்கள். எங்க டீமில் ஒரு எக்செல் ஷீட் உண்டு. நிறம், நுரை, வாசனை, கசப்பு, குடித்த பிறகு நாக்கில் நிற்பது என்று ஐந்து காலம், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். எக்செல் இல்லாம நாம எதை ரசிச்சிருக்கோம் :-)

இப்படி வகை பிரித்து ருசி பார்ப்பதை உலகத்துக்குப் பழக்கியதில் பெரிய பங்கு மைக்கேல் ஜாக்சனுக்கு. பாட்டுக்காரர் இல்லீங்க, இவர் இங்கிலாந்துக்காரர், பத்திரிகையாளர். 1977-ல் இவர் எழுதிய உலக பீர் கையேடு, பீர்களை ஊரும் செய்முறையும் வைத்துப் பிரித்து அடுக்கியது. நுவரெலியாவில் 1881-ல் தொடங்கிய ஆலையின் லயன் ஸ்டவுட்டை வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் இவர்தான். அந்த ஆலை 1990களில் மலையிலிருந்து இறங்கி பியகமவுக்குப் போய்விட்டது, அது வேறு கதை. ஜாக்சன் 2007-ல் காலமானார்.

எனக்கு வந்த கேள்வி வேற. இந்த ஊருக்குப் போனா இதைக் குடி, அந்த ஊர்ல அது நல்லாருக்கும்னு சொல்ற ஆள் நம்ம பக்கம் இருந்ததே இல்லையா?

இருந்திருக்காங்க. அதுக்குன்னு ஒரு இலக்கிய வகையே இருக்கு. பேரு ஆற்றுப்படை.

பள்ளிக்கூடத்தில் நமக்கு இதை அஞ்சு மார்க் கேள்வியாக்கிக் கொன்னுட்டாங்க. உண்மையில் ஆற்றுப்படை என்பது என்ன? பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனிடம் வழி சொல்கிறான். எந்த நிலத்தில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும், எங்கே என்ன குடிக்கக் கொடுப்பார்கள், கடைசியில் எந்த ராஜாவைப் பார்க்கணும். இன்னைக்கு கூகுள் மேப்பில் ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ரெண்டு வரி எழுதுறோமே, அதேதான். இவர்கள் ஐந்நூறு வரி எழுதினார்கள், அதுவும் ஆசிரியப்பாவில்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதிய பெரும்பாணாற்றுப்படை அப்படி ஒன்று. பாட்டுடைத் தலைவன் காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையன். (எங்க புதுக்கோட்டை ராஜாக்களும் தொண்டைமான்தான். பேர் ஒற்றுமைக்கே நாங்க காலரைத் தூக்கி விட்டுக்குவோம், கண்டுக்காதீங்க.) பாணன் காடு, வயல் எல்லாம் தாண்டி வலைஞர், அதாவது மீன் பிடிப்பவர்கள் குடியிருப்புக்கு வரும்போது, அங்கே என்ன கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில் ஒரு முழு செய்முறை வருகிறது. அதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கள் இறக்கும் கதை இல்லை. பீர் காய்ச்சும் கதை.

செய்முறை இதுதான், என் வார்த்தையில். சரியாகத் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். அதை அகலமான வாயுள்ள பிழாவில் கொட்டி ஆற விட வேண்டும். பிறகு முளை கட்டிய நெல்லை இடித்து அதில் கலக்க வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு கழிய வேண்டும். கெட்டியான வாயுள்ள சாடியில் அது நன்றாக விளைந்த பிறகு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும். களைத்து வரும் பாணனுக்கு இது சுட்ட மீனோடு கிடைக்கும். சைட் டிஷ் வரைக்கும் சொல்லிவிட்டார் மனுஷன்!

இதில் உயிரான இடம் அந்த முளை. கொஞ்சம் விளக்குறேன், பொறுத்துக்கோங்க. திராட்சையை நசுக்கி வைத்தால் தானே ஒயின் ஆகிவிடும். பனையைச் சீவி முட்டி கட்டினால் தானே கள் ஆகிவிடும். ரெண்டிலும் சர்க்கரை தயாராக இருக்கிறது, காற்றிலும் பானையிலும் இருக்கிற ஈஸ்ட் வந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும். தானியம் அப்படி இல்லை. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு மாவு தின்னத் தெரியாது. முதலில் மாவைச் சர்க்கரையாக உடைக்கணும். அதற்கு மனுஷன் கண்டுபிடித்த வழிகளில் முக்கியமானவை மூணு. தானியத்தை மென்று எச்சில் படுத்துவது ஒன்று. ஜப்பான்காரர்கள் சாக்கேவுக்குச் செய்வது போல பூஞ்சணம் வளர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, தானியத்தை முளைக்க விடுவது. முளைக்கும் விதை தன் சாப்பாட்டுக்காகவே மாவை உடைக்கும் நொதிகளை உண்டாக்கிக்கொள்ளும். அதை இடித்து மற்ற அரிசியோடு கலந்தால் அதையும் சேர்த்து உடைத்துவிடும். பார்லியை இப்படி முளைக்க வைத்துக் காய வைப்பதைத்தான் பீர் ஆலையில் மால்ட் என்கிறார்கள். வலைஞர் வீட்டில் அது நெல் மால்ட். கள் என்றாலே பனை, தென்னை என்று நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். சங்கப் பாட்டில் கள் என்பது பொதுப்பெயர், அரிசியில் செய்ததும் அதில் அடக்கம்.

கவனிங்க, உருத்திரங்கண்ணனார் அந்த முளைக்கு ஒரு உவமை சொல்கிறார். பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் இருக்கும் குரும்பி போல இருக்குமாம். குரும்பி என்பது கறையான் புற்றுக்குள்ளே கட்டும் கூடு. ஓட்டை ஓட்டையாக, பஞ்சு மாதிரி, தொட்டால் பொலபொலவென்று இருக்கும். புத்தகத்தில் மட்டும் படித்தால் இந்த உவமை புரியாது. எங்க பக்கம் நாற்றங்காலுக்கு விதை விடும் வீட்டில் வளர்ந்தவனுக்குப் புரியும். விதைநெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூட்டம் போடுவார்கள். அடுத்த நாள் மூட்டைக்குள் கையை விட்டால் சுடும். ஒரு இனிப்பு வாடை வரும். ஒரு நாள் கூட விட்டுவிட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நெல் உதிரியாக வராது, அடையாகப் பெயர்ந்து வரும். நடு நடுவே பொந்து பொந்தாக. அச்சு அசல் குரும்பி. பாட்டிலும் அதுக்குப் பேர் அடைதான்! இந்தப் புலவர் முளைகட்டின நெல்லைக் கையில் வாங்கிப் பார்த்தவர் என்று நான் சத்தியம் பண்ணத் தயார்.

எங்க பெரியப்பாவிடம் போனில் கேட்டேன். "பெரியப்பா, முளை கட்டின விதை மிஞ்சிப் போனா என்ன பண்ணுவீங்க?" "கோழிக்குப் போடுவோம். வேறென்னடா பண்றது அத வச்சு?" அவ்வ்வ்... அரை செய்முறை இன்னும் எங்க ஊர்ல ஒவ்வொரு போகத்துக்கும் நடந்துக்கிட்டு இருக்கு, மீதி அரையைத்தான் மறந்துட்டோம்.

அதே பாட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளி, நீர்ப்பெயற்று என்ற பட்டினத்தில் ஒரு காட்சி. கள் சமைக்கும் பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீர் வழிந்து தெருவில் சேறாகி, அதில் பன்றிகள் புரளுகின்றன. இந்த ஒரு காட்சிக்குள் ரெண்டு வரலாறு இருக்கிறது. ஒன்று, காய்ச்சுவது பெண்கள் வேலை. உலகம் முழுக்க அப்படித்தான். மெசொப்பொத்தேமியாவில் பீருக்குத் தெய்வமே பெண், பேரு நின்காசி. இங்கிலாந்தில் ஆலை வருவதற்கு முன்னால் வீட்டில் ஏல் காய்ச்சி விற்றது பெண்கள். இன்னொன்று, பீர் காய்ச்சும் இடத்தில் கழிவைத் தின்ன கால்நடை நிற்கும். இன்றைக்கும் மால்ட் சக்கை மாட்டுக்கும் பன்றிக்கும்தான் போகிறது. சிறுபாணாற்றுப்படையிலும் எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டுப் பெண்தான் நாள்பட்ட தேறலை வடித்துக் கொடுக்கிறாள். அங்கேயும் தொட்டுக்க சுட்ட மீன்.

நின்காசி பேரைச் சொன்னதால் இதையும் சொல்லிடுறேன். கி.மு. 1800 வாக்கில் சுமேரிய மொழியில் எழுதிய நின்காசி துதிப்பாட்டு, பாட்டுக்குள் பீர் செய்முறையை வைத்திருக்கிறது. 1989-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை உரிமையாளர் ஃப்ரிட்ஸ் மேடாக், மானுடவியல் பேராசிரியர் சாலமன் காட்ஸோடு சேர்ந்து அந்தப் பாட்டைப் பிரித்துப் படித்து, அதன்படியே ஒரு பீர் காய்ச்சிப் பார்த்தார். உலகமே அதைப் பேசியது. நம்ம பாட்டு அதைவிடத் தெளிவாக இருக்கிறது. உ.வே.சா. 1889-லேயே பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் ஏற்றி, நம்ம கையில் கொடுத்தும்விட்டார்.

சரி, ருசி எப்படி இருந்திருக்கும்? ஓரளவு சொல்ல முடியும். காரணம், இதன் ஒன்றுவிட்ட சகோதரன் நாகாலாந்தில் உயிரோடு இருக்கிறது. அங்காமி நாகர்கள் செய்யும் ஸுத்தோ. முளைகட்டிய நெல்லை இடித்து வைத்துக்கொண்டு, ஆற வைத்த அரிசிக் கஞ்சியில் கலந்து சில நாள் புளிக்க விடுகிறார்கள். ஜார்கண்டின் ஹண்டியாவும் அரிசி பீர்தான், ஆனால் அதற்கு மூலிகை மாவு உருண்டை போடுவார்கள். முளை நெல் வழி ஸுத்தோவில்தான் அப்படியே இருக்கு. ஆல்கஹால் சுமார் 5 விழுக்காடு. கோஹிமா பக்கம் ஹார்ன்பில் திருவிழாவுக்குப் போனபோது மூங்கில் குவளையில் கொடுத்தார்கள். பால் மாதிரி வெள்ளை. முதலில் புளிப்பு, உடனே பழுத்த பழ வாசனை, கடைசியில் பழைய சோற்றுத் தண்ணீரின் அந்த மெல்லிய இனிப்பு. என் எக்செல்லில் வாசனைக்கு 9, நுரைக்கு 2, கசப்புக்கு 0 (அங்கே ஹாப்ஸ் கிடையாதே, கசப்புக்கு எங்க போறது). மொத்தத்தில் இந்திரா நகரில் குடித்த பாதிக்கு மேல். விசேஷம் என்னன்னா, நாகாலாந்தில் 1989 முதல் முழு மதுவிலக்குச் சட்டம். ஆனாலும் அரிசி பீர் திருவிழாவில் வைத்து ஊற்றுகிறார்கள், தங்கள் பண்பாடு என்று.

மறுபடி சங்கத்துக்கு வருவோம். ஒரே ஒரு வகையை வைத்துக்கொண்டு நான் குதிக்கவில்லை. வீட்டில் சமைத்த நெல் கள்ளுக்குத் தோப்பி என்று பேர். அகநானூற்றில் நடுகல்லுக்குப் படைப்பதே தோப்பிதான். மலைபடுகடாமில் மலைக்காரர்கள் மூங்கில் குழாயில் ஊற்றி விளைய வைத்த தேன் கள் தருகிறார்கள். வெள்ளைக்காரன் ஓக் பீப்பாயில் ஊற வைத்து விலையை மூணு மடங்கு ஏத்துறானே, அந்த வேலை. அதே பாட்டில் முதல் நாள் குடித்ததன் மிச்ச மயக்கத்துக்குப் பழஞ்செருக்கு என்று ஒரு சொல் வருகிறது. ஹேங்ஓவருக்கு இதைவிட நல்ல தமிழ் யாராவது சொல்லுங்க பார்ப்போம். புறநானூற்றில் நக்கீரர் பாடிய பாண்டியனுக்கு யவனர் கப்பலில் கொண்டுவந்த மணக்கும் மது, பொற்கிண்ணத்தில். இம்போர்டட் சரக்குக்கு அப்பவே தனி மரியாதை. சிறுபாணாற்றுப்படையில் ஒரு தேறலுக்குப் பாம்பு சீறியது போன்ற வேகம். இது ஸ்ட்ராங் காலத்தில் வரும் :-)

எனக்கு ரொம்பப் பிடித்தது புறநானூறு 298. வடிகட்டாத கள் கலங்கல், தெளிந்தது தேறல். வீரன் ஒருவன் சொல்கிறான்: முன்பெல்லாம் எங்க ராஜா எங்களுக்குக் கலங்கலைக் கொடுத்துவிட்டு, தான் தேறல் குடிப்பார். இப்போது அவர் நல்லவராக இல்லை, போர் வந்ததும் "நீ முதலில் போ" என்று எங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார். முதலில் படித்தால் கலங்கலைக் கொடுத்து ஏமாத்தின மாதிரி தெரியும். உரைகாரர்கள் சொல்வது தலைகீழ். கலங்கல்தான் வேகம் அதிகம், அதை வீரனுக்குக் கொடுப்பது அன்பு. மைக்ரோபிரூவரியில் கலங்கலாக இருக்கும் பீரைத்தான் கூடக் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். ஃபில்டர் பண்ணினால் வாசனை போய்விடும் என்பார்கள். அந்த விவாதம் நம்ம ஊரில் இந்தப் பாட்டிலேயே முடிஞ்சு போச்சு.

இவ்வளவு சொல் இருந்த மொழிக்கு அப்புறம் என்ன ஆச்சு? திருக்குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே இருக்கு, அதையும் மறைக்க வேண்டாம். நெல் கள் மெல்ல ஒதுங்கியது. பனையும் தென்னையும் நின்றன, சாராயம் வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் ஆப்காரி வரி போட்டு எல்லாவற்றையும் வருமானக் கணக்கில் சேர்த்தார்கள். தங்களுக்கு வேண்டிய பீரை லண்டனில் இருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். ஹாட்ஜ்சன் ஆலை, பிறகு 1822 முதல் பர்ட்டனின் ஆல்சாப். அப்படிக் கப்பலேறியதால்தான் ஐ.பி.ஏ. என்ற பேரில் இந்தியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் மெனு கார்டில் அந்தப் பேரைப் பார்த்து, ஆகா நம்ம நாட்டு பீர் என்று பூரித்த நண்பன் ஒருத்தன் உண்டு. பிறகு இங்கேயே ஆலை வந்தது. தென்னிந்தியாவில் ஐந்து ஆலைகளைச் சேர்த்து 1915-ல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் பிரூவரீஸை உண்டாக்கினார். அவற்றில் பழையதான காசில் ஆலைக்கு வயது 1857 வரை போகிறது.

அப்புறம் நமக்குத் தெரிந்த கதை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு. 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது, அதே வருஷம் அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் கருணாநிதி திறந்தார், 1974-க்குள் மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, பாட்டிலுக்கு இல்லை. 2003-ல் சில்லறைக் கடையும் டாஸ்மாக்கிடமே வந்தது.

எனக்கு உறுத்துவது அந்த 1987 தான். குடியால் அழிந்த வீடுகள் எங்க தெருவிலேயே உண்டு, அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்காரும் பெண்களிடம் போய் சங்க இலக்கியம் பேசுற அளவுக்கு எனக்குக் கொழுப்பு இல்லை. ஆனால் மூடியது 5 விழுக்காட்டை, திறந்து வைத்தது 42 விழுக்காட்டை. இதில் என்ன கணக்கு? மரம் ஏறுகிறவன் பிழைப்பு போனது ஒரு பக்கம். ருசியைச் சொல்லும் சொல் போனது இன்னொரு பக்கம். எங்க பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் இன்னும் கேட்கலாம். காலைக் கள் வேற, அந்திக் கள் வேற. தென்னங்கள் வேற, பனங்கள் வேற. பல மரத்துக் கள்ளைக் கலக்காமல் ஒரே மரத்தில் இறக்கிய ஒத்தமரத்துக் கள்ளுக்கு மவுசே தனி. ஈழத்து நண்பர்கள் ஒருமரக் கள்ளு என்பார்கள், அதைப் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். வலைஞர் வீட்டில் கஞ்சி ஆற வைத்த பிழா ஞாபகம் வருதா? தானே புளித்து வரும் பெல்ஜியத்து லாம்பிக் பீருக்கு ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. கள்ளும் அதே மாதிரி காற்றில் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்வதுதான். நம்ம ஊரில் அதற்கு இருப்பது வழக்கு.

1987-ல் இருபது வயசு இருந்தவருக்கு இப்போ அறுபதை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே இருப்பவர்கள் கேரளாவோ புதுச்சேரியோ போனால்தான் உண்டு. 2018 நவம்பர் 16-ல் கஜா வேறு வந்து, பட்டுக்கோட்டையில் இருந்து ஆலங்குடி வரை தென்னையை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. இன்றைக்கு எங்க ஊர் ஆட்கள் கடை ஜன்னலில் கையை விட்டுக் கேட்பது ரெண்டே கேள்வி. ஸ்ட்ராங்கா? கூலிங்கா? பாம்புச் சீற்றத்தையும் மூங்கில் விளைச்சலையும் கலங்கலையும் தேறலையும் பிரித்துச் சொன்ன மொழியில், மிஞ்சிய ரெண்டு காலமும் ஆங்கிலம்.

பெரும்பாணாற்றுப்படைச் செய்முறையை வீட்டில் செய்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் செய்தால் 1937-ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நான் வேலை பார்க்கிற இடத்திலும் வீட்டில் காய்ச்ச முடியாது. அதனால் கடல் கடந்த பதிவர்களே, இது உங்களுக்கு. இங்கிலாந்தில் 1963-ல் இருந்து வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார் (உங்க மாநிலச் சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க). அவிக்காத நெல்லாகத் தேடிப் பிடிங்க, புழுங்கல் நெல் முளைக்காது. விதைக் கடை நெல் வேண்டாம், மருந்து போட்டிருப்பான். ஒரு நாள் ஊறல், ரெண்டு நாள் மூட்டம், குரும்பி மாதிரி அடையா வருதா என்று பார்த்து ஒரு படம் எடுத்துப் போடுங்க. இடித்துக் களியில் போட்டு ரெண்டு பகல் ரெண்டு இரவு. நெல் கிடைக்கலைன்னு பார்லி மால்ட்டைக் கொட்டி ஏமாத்தக் கூடாது. எக்செல் நான் அனுப்புறேன், கலங்கலுக்கும் தேறலுக்கும் தனித்தனி காலம் போட்டே வச்சிருக்கேன். மீனை மட்டும் பொரிச்சிடாதீங்க, சுடணும்.